மூன்று இரவு தங்கியவர்கள்

கரும்பாறைவலசு ஊராட்சியின் மக்கள் தொகை 3,140. அங்கே பணிபுரியும் அரசு ஊழியர்கள் 4,266.

இந்த இரண்டு எண்களும் 2071ஆம் ஆண்டு ஜனவரி அறிக்கையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்திருந்தன. பார்த்தவுடன் யுகன் கணக்கை மறுபடி ஓடவிட்டார். அதே எண்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை ஓடவிட்டார். கைக்குழந்தைகளையும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களையும் சேர்த்தாலும் அந்த ஊரில் 3,140 பேர்தான். அதைவிட ஆயிரத்துச் சொச்சம் பேர் கூடுதலாக அங்கே அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

யுகன் நாட்டு வருமானக் கணக்ககத்தின் தென்மண்டலப் பிரிவில் கள ஆய்வாளர். பிரிவு என்பது எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. நூற்றெண்பது மேசைகள் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர்: இயக்குநர் ஷிவானி, யுகன், கணினிகளுக்குக் காவல் இருக்கும் ஒரு பொறியாளர். மற்ற வேலைகளைத் துலாக்கோல் என்கிற கணினி நிரல் பார்த்துக்கொண்டது. நாட்டில் யார் யாருக்குப் பணம் கொடுத்தாலும் அது துலாக்கோலின் கண்ணுக்குத் தப்பாது. நாட்டு வருமானம் எவ்வளவு, அரசின் அளவு எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அது சொல்லிவிடும்.

"பொய் ஊழியர்கள்," என்றார் ஷிவானி, காகிதத்தைப் பார்த்ததுமே. "இல்லாத ஆளுக்குச் சம்பளம். நீங்க விரிச்ச வலையில முதல் மீனே திமிங்கிலமா விழுந்திருக்கு யுகன்."

வலை என்று அவர் சொன்னது யுகன் எழுதிய ஒரு வரியை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தங்குவரிச் சட்டம் வந்தபோது, ஒரு மண்ணில் பிறக்கும் வரியில் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே தங்கும் என்று ஆனது. ஊர்களுக்குள் போட்டி வந்தது. நன்றாக நடத்தும் ஊருக்கு ஆட்கள் போனார்கள், தொழில்களும் போயின. நாட்டு வருமானம் ஏறியது. டெல்லி இளைத்தது. ஆனால் ஊராட்சிகள் சில, கையில் காசு புரண்டதும், தலைவரின் உறவினர்களையெல்லாம் ஊழியர்களாக்கின. அதனால் சட்டத்தில் ஒரு வரம்பு வைத்தார்கள்: ஓர் ஊராட்சியின் ஊழியர்கள் அதன் மக்களில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், வரியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை போய்விடும், மாவட்டத்திலிருந்து ஒரு நிர்வாகி வந்து உட்காருவார்.

ஊராட்சிகள் அதற்கும் வழி கண்டுபிடித்தன. ஆட்களைத் தினக்கூலி என்றன, ஒப்பந்தம் என்றன, எண்ணும் நாளுக்கு முந்தின நாள் விலக்கி மறுநாள் சேர்த்தன. ஐந்து வருடம் இந்த விளையாட்டைப் பார்த்துச் சலித்த யுகன், போன ஆண்டு வரையறையைத் திருத்தி எழுதினார். ஒரு நாள் வேலைக்கேனும் ஓர் ஊராட்சியிடம் ஊதியம் பெறுபவர், கடைசியாக ஊதியம் பெற்ற நாளிலிருந்து ஓர் ஆண்டுக்கு அந்த ஊராட்சியின் ஊழியராகவே எண்ணப்படுவார். ஒரு தலையை ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

அந்த வரி பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"கள ஆய்வு விதிப்படி மூணு ராத்திரி தங்கணும்," என்றார் ஷிவானி. "மார்ச் முடியறதுக்குள்ள அறிக்கை வேணும். அதுக்கப்புறம் நாம இருப்போமான்னே தெரியல."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. டெல்லிக்குப் போகும் சிறு பங்கை இன்னும் குறைக்க ஊராட்சிகள் வாக்களித்திருந்தன. மார்ச் 31உடன் மூடப்படவிருந்த அலுவலகங்களின் பட்டியலில் கணக்ககத்தின் பெயரும் இருந்தது.

*

தாராபுரத்திலிருந்து போகும் பேருந்தில் யுகன் சன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஊராட்சியின் எல்லையிலும் ஒரு வரவேற்பு வளைவு. ஒன்றில் ‘வரி ஒன்பது விழுக்காடு, குடிநீர் நாள் முழுதும்’ என்று எழுதியிருந்தது. அடுத்ததில் ‘எட்டு விழுக்காடு, வந்து பாருங்கள்’. இரண்டு வளைவுகளுக்கு நடுவே நூறு மீட்டர் சாலை யாருடையது என்று தீராமல் ஜல்லி பெயர்ந்து கிடந்தது. அங்கே மட்டும் பயணிகள் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பழகியவர்கள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை.

ஓர் ஓடைக்கு இக்கரையில் ஓர் ஊர் இருந்தது. வளைவு இல்லை. கடைகளில் மூன்றில் இரண்டு பூட்டியிருந்தன. "கள்ளிமேட்டூர்" என்று நடத்துனர் குரல் கொடுத்ததும் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் மேற்சட்டை போட்டிருந்தார்கள். ஓடையைத் தாண்டியதும் கரும்பாறைவலசு. அவர்கள் அங்கே இறங்கிக்கொண்டார்கள்.

வலசின் செல்வம் பூமிக்கடியில் இருந்தது. காற்றாலைகள் தரும் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் மின்கலக் கிடங்குக்குக் கெட்டியான பாறை வேண்டும். அந்தப் பாறை ஓடையின் கிழக்குக் கரையோடு முடிந்துவிட்டது. கிடங்கில் வேலை பார்ப்பது பதினான்கு பேர். அதன் வரி ஒரு சிறு நகரத்துக்குப் போதும். மேற்கே கள்ளிமேட்டூரில் வெறும் சுக்கான் மண்.

ஊராட்சி அலுவலகத்தில் செயலர் மோகித் மட்டும் இருந்தார்.

"தலைவரைப் பாக்கணும்."

"தலைவரம்மா இன்னைக்குச் சாக்கடையிலீங்க," என்றார் மோகித், சாதாரணமாக. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. மத்தியானத்தோட முறை முடிஞ்சிருமுங்க."

தலைவர் தன்ஷிகாவுக்கு ஐம்பத்தொரு வயது. முன்பு தென்னை நார் ஆலை வைத்திருந்தவர். யுகன் போனபோது மஞ்சள் மேற்சட்டையுடன், நீளக் கைப்பிடி வைத்த இயந்திர மண்வாரியால் வண்டலை அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடங்கின் பொறியாளர் ஒருவரும், ஒரு மளிகைக்கடைக்காரரும், இரண்டு பெண்களும்.

"கணக்ககத்திலிருந்து வரேன்," என்றார் யுகன்.

"வருவீங்கன்னு தெரியுமுங்க. எங்க ஊர்ல ஆளைவிட ஆபீசர் அதிகம்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே." அவர் மண்வாரியை நிறுத்தினார். "ஒறம்பரை வந்த நேரத்துல கை நாறுது. உக்காருங்க, கழுவிட்டு வந்தர்றேன்."

*

டீக்கடைப் பெஞ்சில் வைத்து அவர் சொன்னதை யுகன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வலசில் மூன்று இரவு தங்கியவருக்கு முறை வந்துவிடும். பஞ்ச காலத்தில் கிணற்றுக்கு வைத்த வழக்கம் அது: மூன்று நாள் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர் கிணற்றைத் தூர்வார வர வேண்டும். மாப்பிள்ளையாக வந்தவரானாலும், விடுப்பில் வந்த ராணுவக்காரரானாலும். இப்போது கிணறு இல்லை, குழாய் இருக்கிறது. முறை மட்டும் நின்றுவிடவில்லை. சாக்கடை, தண்ணீர் வால்வு, பள்ளி வாசல், மருந்தகத்தில் துணை என்று மாதத்துக்கு இரண்டு நாள். யாருக்கு எது என்று மாதத் தொடக்கத்தில் குலுக்கல் போடுவார்கள். செய்தவருக்கு அன்றே கூலி போய்விடும்.

"அப்ப ஊர்ல இருக்கற பெரியவங்க 2,310 பேரும் ஊழியர்," என்றார் யுகன். "மீதி 1,956 பேர்?"

"அது கள்ளிமேட்டூருங்க."

"அவங்க உங்க ஊர்க்காரங்க இல்லையே."

"மூணு ராத்திரி தங்குனாங்களே." தன்ஷிகா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏழு வருசம் முன்னால அவங்க ஊர்ல கடைசி போரும் வத்திப்போச்சுங்க. மாசித் திருவிழாவுக்கு வந்தவங்க, திரும்பிப் போய்த் தண்ணிக்கு என்ன பண்றதுன்னு எங்க மண்டபத்துலயே படுத்துட்டாங்க. மொத்த ஊரும். மூணு ராத்திரி. நாலாம் நாள் மோகித்து வழக்கம் போலப் பேரெல்லாம் முறைப் பட்டியல்ல ஏத்திப்போட்டான்."

"ஏத்தாம இருந்தா அவங்க கோவிச்சுக்குவாங்கன்னுதானுங்க," என்றார் அங்கே வந்து நின்ற மோகித். "தண்ணி குடிச்சிட்டு முறை செய்யாம போனா அசிங்கமில்லீங்களா?"

"அத்தனை பேரும் வந்து செஞ்சாங்க. சாயங்காலம் எல்லார் கணக்குக்கும் கூலி போயிருச்சு. மோகித்து பேயறைஞ்ச மாதிரி வந்து நின்னான். ‘அக்கா, தப்புப் பண்ணிப்போட்டேன், திருப்பி வாங்கோணுமா’ன்னான். செஞ்ச வேலைக்குக் குடுத்த கூலியை எப்படித் திருப்பி வாங்கறதுங்க? அப்புறம் வருசா வருசம் மாசித் திருவிழாவுக்கு வந்து மூணு ராத்திரி படுத்துட்டுப் போறாங்க. தப்பாத்தான் ஆரம்பிச்சுது. தப்புன்னு யாருக்கும் தோணலை."

யுகன் எழுதுவதை நிறுத்தினார். ஓர் ஊராட்சி இன்னோர் ஊராட்சிக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது என்பது சட்டத்தின் உயிர்நாடி. தந்தால் போட்டி செத்துவிடும் என்று அன்று எல்லா நிபுணர்களும் சொன்னார்கள். அவரும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இங்கே அந்த ரூபாய், மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு ஏழு வருடமாக ஓடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு வழி சொல்றேன்," என்றார். ஆய்வாளராக அவர் சொல்லக் கூடாத ஒன்று அது. "கூலியை நிறுத்திடுங்க. முறை அப்படியே நடக்கட்டும். கூலி இல்லைன்னா ஊழியர் இல்லை. ஒரு வருசத்துல உங்க எண்ணிக்கை நிரந்தர ஊழியர் ஒன்பது பேருக்கு இறங்கிடும். உரிமையும் தப்பிச்சிரும்."

"வேலை அதேதானுங்களா?"

"அதே வேலை."

"நாட்டு வருமானம்?"

"கொஞ்சம் குறையும். கூலி இல்லாத வேலை அதுல வராது."

"ஏனுங்க, எங்கூட்டுல நான் சோறாக்குனா வருமானமில்லே. மோகித்தூட்டுல போய் ஆக்கிக் கூலி வாங்குனா வருமானம். அப்படித்தானுங்களா?"

"அப்படித்தான்."

"அப்ப நானும் இவன் சம்சாரமும் வூடு மாத்திச் சமைச்சா நாடு முன்னேறிருமுங்க."

"எம் பொண்டாட்டி சமையலுக்குக் கூலி குடுத்தா நாடு திவாலாயிருமுங்க," என்றார் மோகித். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தன்ஷிகா சிரிக்கவில்லை. "இந்த முறை முன்னால சும்மாத்தான் நடந்துது. அப்ப யார் செஞ்சாங்க தெரியுங்களா? வசதியுள்ளவங்க வேலைக்காரனை அனுப்பினாங்க. சாக்கடை வருசம் பூரா ஒரே தெருவுக்குத்தான் போச்சு. எந்தத் தெருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலின்னு ஒண்ணு வெச்சு, குலுக்கல் போட்டு, வரலீன்னா காரணம் எழுதிக் குடுன்னு சொன்ன பொறகுதான் கிடங்கு இன்ஜினீயர் கையில மண்வாரி வந்துது. சும்மா செய்யற வேலை எப்பவும் ஒரே தெருவுக்குத்தானுங்க போகும். கூலியை நிறுத்த மாட்டேன்."

*

அடுத்த இரண்டு நாளும் யுகன் எண்ணினார். பொய் ஊழியரைத் தேடுவதில் அவர் கைதேர்ந்தவர். வருகைப் பதிவோடு முகத்தை ஒப்பிட்டார். பள்ளி வாசலிலும் வால்வு அறையிலும் சொல்லாமல் போய் நின்றார். ஒரே ஒரு பெயரில் ஆள் இல்லை. விசாரித்தபோது அவர் அன்று பிரசவத்துக்குப் போயிருந்தார். மாற்று ஆளாக மாமியார் மேற்சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். தெருக்கள் சுத்தமாக இருந்தன. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு மூன்று பேர் நின்று கதை பேசுவதையும் பார்த்தார், அதையும் எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை, தங்கியிருந்த மண்டபத்தின் வாசலில் மோகித் மஞ்சள் மேற்சட்டையோடு நின்றார்.

"மூணு ராத்திரி ஆயிருச்சுங்க சார். முறையில உங்களுக்கு மருந்துப் பெட்டி விழுந்திருக்குது. கள்ளிமேட்டூருக்குக் கொண்டு போகோணும்."

யுகன் தயங்கினார். மறுப்பது அநாகரிகமாக இருக்கும். அதோடு, கள்ளிமேட்டூரை உள்ளே போய்ப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கருவியில் பெருவிரலை வைத்துவிட்டு மேற்சட்டையை வாங்கிக்கொண்டார். தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

வேனில், முறை முடிந்து ஊர் திரும்பும் கோகுல் என்கிற எழுபது வயதுக்காரர் அருகே உட்கார்ந்தார். "புதுசுங்களா? நானும் கவர்மெண்ட்டு ஸ்டாப்தானுங்க. அறுபத்தி மூணு வயசுல சேந்தேன். எங்கப்பா சாகற வரைக்கும் சொன்னாரு, ஒரு கவர்மெண்ட்டு வேலைக்குப் போடா கோகுலுன்னு. பாக்கக் குடுத்து வெக்கலை."

கள்ளிமேட்டூர் மருந்தகத்தில் நர்ஸ் அபிநயா பெட்டியை வாங்கி, ஊசி மருந்துகளை எண்ணி அடுக்கினார். சுவரில் அவருடைய பணி அட்டை தொங்கியது: கரும்பாறைவலசு ஊராட்சி, களப்பணி.

"நீங்க அந்த ஊர் ஊழியர். ஆனா இங்க வேலை பாக்கறீங்க," என்றார் யுகன்.

"எனக்கு மட்டும் மாசம் பூராவும் முறைங்க சார். அந்த ஊர்க்காரங்களும் இங்கதான் ஊசி போட்டுக்க வர்றாங்க. நாலு அடிதானே." அவர் பேசிக்கொண்டே ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். "எங்க ஊர் வரியில மாசத்துக்கு ரெண்டு தெருவிளக்கு எரியும். அவ்வளவுதானுங்க. ஒன்பது வருசம் முன்னால இந்த நர்ஸ் வேலையை எடுத்துட்டாங்க. போக முடிஞ்சவங்க போயிட்டாங்க. நல்ல ஊருக்கு ஆள் போகும்னுதானே சட்டம்? போகாதவங்களைப் பத்தி அதுல ஒண்ணுமில்லீங்க."

"முறைப் பட்டியல்ல ஏர்றதுக்கு முந்தின அந்த ரெண்டு வருசம் என்ன பண்ணினீங்க?"

"நாலு பிரசவம் வண்டியிலயே ஆச்சு. மூணு பேர் நல்லா இருக்காங்க." அவர் அழுத்தமானியின் பட்டையைச் சுருட்டினார். "உங்க அறிக்கை போனா இந்த அட்டை போயிருமுன்னு மோகித்து சொன்னான். நிசமுங்களா சார்?"

"எண் வரம்பைத் தாண்டியிருக்கு," என்றார் யுகன்.

"சரிங்க," என்றார் அபிநயா, அடுத்தவரைக் கூப்பிட்டபடி. அந்தக் குரலில் கோபம் இல்லாதது யுகனுக்குக் கஷ்டமாக இருந்தது.

*

அன்று பிற்பகல் மண்டபத்தின் நீள மேசையில் உட்கார்ந்து அவர் அறிக்கையை எழுதினார். கண்டது கண்டபடி எழுதுவது என்று முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவர் வளைத்ததில்லை. பொய் ஊழியர் எவரும் இல்லை. 4,266 பேரும் உயிரோடு இருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். எனினும் எண்ணிக்கை வரம்பைப் பதின்மூன்று மடங்குக்கு மேல் தாண்டுகிறது. வரம்பை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒரு பத்தி சேர்த்தார். அதைப் படிக்க டெல்லியில் ஆள் இருப்பார்களா என்று தெரியவில்லை.

அனுப்புமுன் கைப்பேசியில் தன்ஷிகாவிடம் காட்டினார். அதுவும் விதியில் இல்லை.

அவர் கடைசி வரிவரை படித்தார். "மூணு பேர் நின்னு கதை பேசறதைக்கூட எழுதிட்டீங்களே."

"பேசினாங்க."

"பேசினாங்கதான்." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "அனுப்புங்க தம்பி. பொய் எழுதச் சொல்லி நாங்க கேக்கலை. நிர்வாகி வந்தா அவருக்கும் மூணு ராத்திரி ஆகுமில்ல."

யுகன் அனுப்பினார். சில நொடிகளில் துலாக்கோலின் பதில் வந்தது.

‘ஏற்க இயலாது. அறிக்கை அளிப்பவர், ஆய்வுக்கு உட்பட்ட ஊராட்சியின் ஊழியர்.’

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு தன் வங்கிக் கணக்கைத் திறந்தார். பகல் ஒரு மணிக்கு, கரும்பாறைவலசு ஊராட்சியிலிருந்து ஒரு நாள் கூலி, அரைநாள் வேலையானாலும் முழுதாக வந்திருந்தது. கடைசியாக ஊதியம் பெற்ற நாளிலிருந்து ஓர் ஆண்டுக்கு. எழுதியவர் அவர்தான். விதிவிலக்கு ஒன்று வைக்கலாமா என்று அப்போது ஷிவானி கேட்டதும், ஒரு விலக்கு வைத்தால் ஆயிரம் பேர் அதில் நுழைவார்கள் என்று அவர் மறுத்ததும் நினைவுக்கு வந்தன.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று தன்ஷிகாவைக் கேட்டார்.

"உங்க சட்டமெல்லாம் எனக்கு எங்கீங்க தெரியும்," என்றார் தன்ஷிகா. மோகித் மண்டபத்தின் கூரையில் ஏதோ ஒட்டடையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

யுகன் ஷிவானியை அழைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"வேற ஆளை அனுப்பணும்," என்றார் ஷிவானி.

"நீங்களும் இன்ஜினீயரும்தான் மேடம் பாக்கி."

"நானே வரேன். ஆனா விதிப்படி மூணு ராத்திரி தங்கணும். தங்கினா?"

"நாலாம் நாள் முறை வந்துடும்."

"மாட்டேன்னு சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். தண்ணி குடிச்சிட்டு மாட்டேன்னு சொல்லணும். உங்களால முடியுமான்னு தெரியல."

"யுகன், இதே ஓட்டை வழியா நாளைக்கு ஒரு திருட்டு ஊராட்சியும் நுழையும். ஆய்வுக்கு வர்றவன் கையில ஒரு நாள் கூலியைத் திணிச்சுட்டுக் கைகழுவிடுவான்."

"நுழைவான் மேடம். நானும் அதைத்தான் யோசிச்சேன். வரையறையைத் திருத்தணும்."

"அடுத்த நிதியாண்டுலதான் முடியும். அப்ப நாம இருக்க மாட்டோம்."

"மேலே ஆள் இல்லாத கடமை கீழே இறங்கும்னு சட்டத்துல ஒரு பிரிவு இருக்கே."

"இருக்கு. ஆய்வு பண்ற பொறுப்பு அந்தந்த ஊராட்சிக்கே போயிடும். அவங்களே அவங்களை எண்ணிக்கணும்." அவர் லேசாகச் சிரித்தார். "நம்ம வாழ்க்கை பூராவும் அரசாங்கம் பெருசா சின்னதான்னு அளந்தோம். அளக்கறவன் எந்தப் பக்கம்னு ஒரு தடவைகூடக் கேட்டுக்கல. சரி, கோப்பு நிலுவைன்னு போட்டுடறேன். பஸ் ஏறி வாங்க."

*

மார்ச் 31 அன்று மூன்றாம் மாடியின் விளக்குகளை யுகன்தான் அணைத்தார். மேசைகளைக் கீழ்த்தளத்தில் இருந்த அரிசிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். துலாக்கோல் தன் போக்கில் ஓடும். அதற்கு ஆள் தேவையில்லை.

ஏப்ரல் முதல் நாள் காலை தாம்பரம் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழக்கத்தில் எட்டு மணிக் கணக்கைத் திறந்தார். நாட்டு வருமானம் சற்றே ஏறியிருந்தது. தென்மண்டலத்தில் அரசின் அளவு முந்தின நாளைவிட இரண்டு குறைவு. அந்தப் பகுதியில் அன்று வேறு எந்த அலுவலகமும் மூடப்படவில்லை. வேறு யாரும் சேரவும் இல்லை.

மூன்று பேர் வெளியேறினார்கள். இரண்டு குறைந்திருக்கிறது.

கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. மோகித் அனுப்பியிருந்தார். ‘சார், இந்த மாசக் குலுக்கல்ல உங்களுக்கு 12, 13 ரெண்டு நாளும் எண்ணிக்கை வேலை. ஊராட்சிதான் இனிமே எண்ணோணுமாம். எங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு தலைவரம்மா சொல்றாங்க. கதை பேசறவங்களையும் சேத்து எழுதலாமாம். நர்ஸ் அபிநயா மேற்சட்டையைப் பெருசா தெச்சு வெச்சிருக்குது.’

அவர் மறுபடி படித்தார். பத்தில் ஒரு பங்கு என்கிற வரம்பு சட்டத்தில் அப்படியே இருந்தது. அவர் எண்ணினால் 4,267 என்றுதான் எழுதுவார். அந்தத் தாள் இனி போக வேண்டிய இடம் வலசின் மண்டபம். மாசித் திருவிழாவில், மூன்று இரவு தங்க வந்தவர்கள் முன்னால் யாராவது அதை உரக்கப் படிப்பார்கள். வரம்பு சரியா, தாங்கள் சரியா என்று அங்கே சண்டை வரும். வரட்டும் என்று நினைத்தார். இரண்டு ஊரும் உட்கார்ந்து கேட்கிற சண்டை.

சட்னி தொட்ட விரலைத் துடைத்துவிட்டுப் பதில் எழுதத் தொடங்கியபோது ஷிவானி அழைத்தார்.

"எட்டு மணிக் கணக்கு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"ரெண்டுதான் குறைஞ்சிருக்கு. முப்பது வருசப் பழக்கம், மூணாவது ஆள் எங்கேன்னு தேடினேன். தாராபுரம் பக்கம் ஒரு ஊராட்சியில இருக்காராம்."

"ஆமா மேடம்."

"வேலை எப்படி?"

"பன்னண்டாம் தேதி முறை. பதினொண்ணாம் தேதி பஸ்."

மறுமுனையில் ஏதோ அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாயிரம் பேர் படுத்து எழுந்த மண்டபத்தைப் பற்றி ஷிவானி ஏற்கெனவே நிலுவையில் கிடந்த அறிக்கையில் படித்திருந்தார்.

"யுகன்," என்றார் ஷிவானி. "அந்த மண்டபத்துல தலகாணி குடுப்பாங்களா, நாமளே எடுத்துட்டு வரணுமா?"

"பாய் குடுப்பாங்க," என்றார் யுகன். "தலகாணி எடுத்துட்டு வந்துடுங்க மேடம்."